பஞ்சு பிடிக்காத முழங்கால்

முப்பத்தொரு வருடம் என்ன வேலை செய்தாய் என்று யாராவது கேட்டால், ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களின் உடம்பில் முடி எடுத்தேன் என்றுதான் சொல்வேன். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்ட்டில் அட்டென்டன்ட் வேலை. கட்டில் விரிப்பதும் ட்ரொலி தள்ளுவதும் எல்லாரும் செய்தவைதான். ரேசர் மட்டும் என் கையில் இருந்தது. நாளைக்கு யாருக்கு எந்த இடத்தில் வெட்டப்போகிறார்கள் என்று இன்று பின்னேரமே பட்டியல் வரும். வயிறு, தொடை, கழுத்து, தலை. தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவேன்.

ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. போன மாதம் அங்கிருந்து நர்ஸ் ஷர்மிளா போன் எடுத்தாள்.

"அங்கிள், புதுசா கொஞ்சப் பேர் வேலைக்கு வந்திருக்கினம். முந்தி ரேசரால எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு அவைக்கு ஒருக்கா வந்து கதைக்கேலுமோ? இப்ப எல்லாம் கிளிப்பர் மெசின்தானே. ஆரும் அதைக் கண்டதில்லை."

"வாறன் பிள்ளை" என்றேன்.

போனை வைத்த பிறகு என்ன கதைப்பது என்று யோசித்தேன். ஒரு முழங்கால்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லாமல் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று வேறு எதையும் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் வடமராட்சியிலிருந்து இருபத்துமூன்று வயதில் வந்து, வெள்ளவத்தையில் மச்சான் வீட்டில் தங்கி வேலை தேடியவன். அதுவரைக்கும் என் முகத்தை நானே சவரம் செய்ததில்லை. கிழமைக்கு இரண்டு தரம் சலூனுக்குப் போய், கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வருவேன். அப்படிப்பட்டவனிடம்தான் சிஸ்டர் ரோசலின் முதல் கிழமையே ரேசரைத் தந்தார்.

சிஸ்டர் ரோசலின் எங்கள் வார்ட்டின் பொறுப்பாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். கட்டையான உருவம். வெள்ளைச் சப்பாத்து சத்தமே போடாது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. பிழை செய்தால் உங்கள் கையிலிருக்கும் சாமானை மெதுவாக வாங்கி, அந்த வேலையைத் தானே செய்து முடித்துவிட்டுப் போவார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம் என்று இருக்கும்.

அது மூன்று துண்டாகக் கழலும் சேஃப்டி ரேசர். ஒரு பிடி, அதன்மேல் பல்லுப் பல்லாக ஒரு தட்டு, அதற்கு மேல் வளைந்த மூடி. தட்டுக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கூரான பிளேட்.

"நீளப் பக்கத்தைத் தொடாதேயும். கட்டைப் பக்கங்களில பிடியும்" என்று சொல்லிப் பூட்டிக் காட்டினார். பிறகு, "முதல் உம்மட காலில எடும்" என்றார்.

அறைக்குள் போய், காற்சட்டையை மடித்து, என் கணைக்காலில் சோப்பு நுரையைப் பூசி இழுத்தேன். மூன்று இடத்தில் இரத்தம். சிஸ்டர் பஞ்சைத் தந்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் வெட்டினது?"

"பிளேட் கூர் கூட, சிஸ்டர்."

"இல்லை. நீர் அமத்திறீர். ரேசருக்கு ஒரு பாரம் இருக்கு. அதுவே காணும். உம்மட பாரத்தை வீட்டில வைச்சிட்டு வாரும்."

சேஃப்டி ரேசரைத் தொடங்குகிற எல்லாரும் விடுகிற பிழை அதுதான். கை பிளேட்டை நம்பாது, அமர்த்தும். அடுத்தது, பிடியை அளவுக்கு மேல் தாழ்த்திப் பிடிப்பது. அப்படிப் பிடித்தால் பிளேட் முடியை வெட்டாமல் தோலைச் சுரண்டும். மூடியின் வளைவு முதலில் தோலில் படவேண்டும். பிறகு பிளேட் முடியில் படும்வரை பிடியை மெல்லத் தாழ்த்த வேண்டும். சரியாகப் பட்டால் ஒரு சத்தம் கேட்கும், காய்ந்த இலையை விரலால் வருடுவது போல. அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. அதற்குள் என் இரண்டு காலும் சிறுபிள்ளையின் கால் மாதிரி ஆகிவிட்டன.

தட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில் சிஸ்டர் கண்டிப்பு. சுடுதண்ணீர்க் கிண்ணம், சோப்பு, பிரஷ், கத்தரிக்கோல், புதுப் பிளேட், துணித்துண்டுகள், ரப்பர் விரிப்பு. ஒரு ஆளுக்கு ஒரு பிளேட். நீள முடியை முதலில் கத்தரிக்க வேண்டும். சுடுதண்ணீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் போட்டு முடியை ஊறவிட வேண்டும். இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி படுத்திருக்கும் பக்கமாகவே கட்டை கட்டையாக இழுக்க வேண்டும். இரண்டாம் தரம் எடுப்பதென்றால் திரும்பவும் நுரை பூச வேண்டும். "நுரை இல்லாத இடத்தில ரேசர் படக்கூடாது" என்பதை அவர் ஒரு தரம்தான் சொன்னார். இரண்டாம் தரம் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

வேலை முடிந்ததும் சிஸ்டர் வருவார். முதலில் காய்ந்த பஞ்சை எடுத்து, முடி வளரும் திசைக்கு எதிராக மெதுவாக இழுப்பார். ஒரு இழையாவது பிடித்தால், "பஞ்சு பிடிக்குது. திரும்ப எடும்." பிடிக்காவிட்டால், பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அந்த இடம் முழுக்கத் துடைப்பார். அப்போது அவர் தோலைப் பார்க்க மாட்டார். நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் முகம் சொல்லிவிடும்.

வெட்டப்போகிற இடத்தில் கீறல் இருந்தால் அதைப் புத்தகத்தில் எழுதி டொக்டருக்கு அறிவிக்க வேண்டும். கீறல் ஆறும்வரை ஒப்பரேஷன் தள்ளிப்போகும். ஏன் என்று நான் கேட்டபோது, "தோல் எண்டது மதில். மதிலில ஓட்டை போட்டால் உள்ளுக்கு என்ன போகும் எண்டு உமக்குத் தெரியாது" என்றார்.

முதல் இரண்டு வருடத்தில் இரண்டு தரம் நான் கீறல் போட்டுச் சொல்லியிருக்கிறேன். இரண்டு தரமும் சிஸ்டர் தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு கிழமை முழுக்க எல்லா நோயாளிக்கும் தானே முடி எடுத்தார். நான் பக்கத்தில் துணி பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ்மார், மற்ற அட்டென்டன்ட்மார், கூட்டுகிற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு பல வருடம் ஒரு கீறலும் இல்லை. என்னைப் பற்றி வார்ட்டில் ஒரு பேர் உருவானது. "நாகேந்திரத்தார் எடுத்தால் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும்" என்பார்கள். ஒருமுறை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஹாஜியார் கழுத்துக் கட்டிக்கு வந்தார். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி. "மகன், ஏலுமான அளவு விட்டுத் தாங்க" என்றார். நான் டொக்டரிடம் போய், வெட்டுகிற இடத்தைப் பேனையால் கோடு போட்டுத் தரும்படி கேட்டேன். கோட்டுக்குக் கீழே மட்டும் எடுத்தேன். முக்கால்வாசித் தாடி மிஞ்சியது. அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பேரை நான் மிகவும் விரும்பத் தொடங்கினேன். பின்னால் வந்த கெடுதலுக்கு அதுதான் காரணம்.

செல்வராஜ் வந்தது நான் சேர்ந்து ஒன்பதாவது வருடம். அவனுக்கு முப்பது வயதிருக்கும். ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் லொறி ஓட்டினான். வீடு ஜிந்துப்பிட்டியில். லொறியிலிருந்து குதித்து இறங்கும்போது வழுக்கி, சீமெந்து விளிம்பில் விழுந்து இடது முழங்கால் சில்லு இரண்டாக உடைந்திருந்தது. கம்பி போட்டுக் கட்ட வேண்டும். வார்ட்டுக்கு வந்த அன்றே எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டான்.

ஒப்பரேஷனுக்கு முதல்நாள் பின்னேரம், தொடை நடுவிலிருந்து கணைக்கால் நடுவரைக்கும் எடுக்கச் சொல்லிப் பட்டியல் வந்தது. பட்டியலில் அவன் நாலாவது ஆள். ஐந்து மணிக்குப் பார்வையாளர்கள் வருவார்கள். அதற்கு முதல் முடிக்க வேண்டும். முழங்கால் எப்போதும் கரைச்சலான இடம். காலை மடித்தால்தான் தோல் இழுபடும். உடைந்த சில்லை மடிக்க முடியாது. வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய், மினுங்கிக்கொண்டிருந்தது.

"வலிச்சா சொல்லுங்கோ தம்பி."

"நீங்க செய்ங்கண்ணே. எங்க வீட்டுக்காரி கைய விட உங்க கை மெதுவாத்தான் இருக்கு."

நுரை பூசி நன்றாகவே எடுத்தேன். துடைத்துவிட்டு, சிஸ்டர் வரமுதல் நானே பஞ்சை இழுத்துப் பார்த்தேன். சில்லின் வெளிப்பக்க ஓரத்தில் ஒரு இழை பிடித்தது. திரும்ப நுரை பூச வேண்டும். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. சுடுதண்ணீர் எடுக்க வார்ட்டின் மற்றக் கோடிக்குப் போகவேண்டும். சிஸ்டர் மூன்றாவது ஆளின் கட்டிலடிக்கு வந்துவிட்டார், அடுத்தது இவன்தான்.

நுரை இல்லாமல், காய்ந்த தோலில், ரேசரை வைத்து இரண்டு தரம் இழுத்தேன். அமர்த்தியும் இழுத்தேன்.

அரிசி அளவில் தோல் உரிந்தது. முதலில் வெள்ளையாக இருந்தது. பிறகு இரத்தம் பொட்டு வைத்த மாதிரி வந்தது. துணியால் அமர்த்திப் பிடித்தேன்.

"என்னண்ணே?"

"சின்னக் கீறல் தம்பி."

"அட, இதுக்குப் போயா இப்பிடி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?"

எனக்கு வேர்த்திருந்ததை அவன் சொல்லித்தான் அறிந்தேன். "சிஸ்டரிட்டச் சொல்ல வேணும். சொன்னால் ஒப்பரேஷனை ரெண்டு மூண்டு நாள் தள்ளிப் போடுவினம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கும் பேர் கெட்டுப் போகும்" என்றும் சொன்னேன்.

அவன் சிஸ்டரை எட்டிப் பார்த்தான். "அந்த அம்மாவுக்கா பயப்படுறீங்க? அப்ப சொல்லாதீங்க. எனக்கும் சுருக்கா லொறிக்குப் போகணும். இது என்னாண்ணே, நுளம்பு கடிச்ச மாதிரி."

அவன் சம்மதித்தான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எதற்காக ஒப்பரேஷனைத் தள்ளிப் போடுகிறார்கள் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. மதில், ஓட்டை, உள்ளே போவது, ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டரின் கோபத்திலிருந்து என்னைக் காப்பாற்றுவதாகத்தான் அவன் நினைத்தான். தன் காலைக் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

சிஸ்டர் வந்தார். பஞ்சு ஒரு இழைகூடப் பிடிக்கவில்லை. இரத்தம் நின்றிருந்தது, கன்றிய ஊதா நிறத்துக்குள் அந்த இடம் தெரியவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தபடி அவன் முகத்தைப் பார்த்தார். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு ஒப்பரேஷன் தியேட்டருக்கு நீங்களும் வருவீங்களா அம்மா?" என்று கேட்டான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்விரல்கள் மட்டும் மடங்கி இறுகின. நான் கண்டேன். சிஸ்டர் காணவில்லை.

"நல்லாய் எடுத்திருக்கிறீர் நாகேந்திரம்" என்றார்.

பதினாறு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. நாலாம் நாள் செல்வராஜுக்குக் காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்தபோது தையல் நெடுகச் சிவந்து சீழ் கசிந்தது. மூன்று தரம் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். சீழ் மூட்டுக்குள் இறங்கிவிட்டது. போட்ட கம்பியைக் கழற்ற வேண்டி வந்தது. இரண்டு மாதம் படுத்திருந்தான்.

ஒரு நாள் டொக்டர் சுற்றி வரும்போது அவனுடைய மனைவி பாக்கியமும் நின்றாள். மெலிந்த பெண். ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ் மாறி மாறி ஒவ்வொரு நாளும் வருவாள்.

"குடிப்பீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

செல்வராஜ் மனைவியைப் பார்த்துவிட்டு, "எப்பவாவது சார். சனிக்கிழமையில" என்றான்.

"குடிக்கிற ஆக்களுக்குப் புண் ஆறுறது கஷ்டம்" என்றார் டொக்டர். வேறு கட்டிலுக்குப் போய்விட்டார்.

பாக்கியம் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கட்டிலின் கால்மாட்டில், அழுக்குத் துணி வாளியோடு நின்றேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வசனம் போதும். காலம் கடந்துவிட்டது, சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தக் கீறல்தான் காரணமென்று யாருக்குத் தெரியும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

செய்ய முடிந்ததாக நான் நினைத்தது ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் காலையில் அவனுக்கு முகச்சவரம் செய்துவிட்டேன். அது என் வேலை அல்ல. சுடுதண்ணீர்த் துணியை முகத்தில் போட்டு, நுரையை வட்டம் வட்டமாக ஏற்றி, கன்னத்துக்கு ஒரு தரம், நாடிக்கு ஒரு தரம். காய்ச்சலில் கிடந்தவன் முகம் மலரும். "அண்ணே, கால் போனாலும் என்னை மாப்பிளையாத்தான் அனுப்புவீங்க போல" என்பான். வார்ட்டில் எல்லாரும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

அவன் வீட்டுக்குப் போகும்போது இடது கால் தடி மாதிரி நீட்டி நின்றது. மடியவே இல்லை. கிளச் மிதிக்க முடியாதவன் எப்படி லொறி ஓட்டுவான்? லொறி யார்ட்டில் கொஞ்சக் காலம் வாசல் கேட்டில் காவலுக்கு நிற்க விட்டார்கள், பிறகு அதுவும் இல்லை என்று, மருந்து கட்ட வந்த கடைசி நாளில் சொன்னான். பாக்கியம் சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள்.

அதற்குப் பிறகு அவனை நான் காணவில்லை. பார்க்கவும் போகவில்லை. ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்கு வருடாவருடம் போய்வந்த நான், அந்த வருடத்தோடு அந்தக் கோயிலையும் விட்டேன்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முதல், கிருமித் தொற்றுப் பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். ஷர்மிளாதான் எடுத்தாள். ரேசரால் எடுத்த தோலைப் பெரிதாக்கிய படமொன்றைத் திரையில் போட்டாள். உழுத வயல் மாதிரி இருந்தது. வெளியே மழமழவென்று தெரிகிற தோலில்கூட இவ்வளவு கீறல் இருக்கும், அதனால் இனி ரேசர் இல்லை, முடி இடைஞ்சலாக இருந்தால் மட்டும் ஒப்பரேஷன் அன்று காலை கிளிப்பரால் கட்டையாக வெட்டினால் போதும் என்றாள். பஞ்சு பிடிக்காத அளவுக்கு எடுப்பதே தேவையில்லாத வேலை.

நான் கையை உயர்த்தினேன். "பிள்ளை, கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒரு கீறல் இருந்தால்? அரிசி அளவில?"

"கிருமி போக அது காணும் அங்கிள்" என்றாள். "அதாலதான் எண்டு ஒருத்தரும் சத்தியம் பண்ணேலாது. ஆனால் வழி திறந்து விட்ட மாதிரித்தானே."

அன்று பின்னேரம் ரேசர்களை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் போடச் சொன்னார்கள். ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கோ அங்கிள், ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்றார்கள். வேண்டாம் என்றேன். பஸ் எடுக்காமல், கடலோரப் பாதையில் வெள்ளவத்தை வரைக்கும் நடந்தேன். எத்தனை பேரின் தோலில் எத்தனை வருடம் என்று மனம் ஓடியது. மற்றவர்களுக்குச் செய்ததை நான் அறியாமல் செய்தேன். அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். செல்வராஜுக்குச் செய்தது அப்படியல்ல. எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

சிஸ்டர் ரோசலினிடமாவது சொல்லலாம் என்றால், அவர் காலமாகி அப்போது பல வருடம்.

அதற்குப் பிறகும் எட்டு வருடம் போகவிட்டேன். ஷர்மிளாவின் போன் வந்த மறுகிழமைதான் ஜிந்துப்பிட்டிக்குப் பஸ் எடுத்தேன்.

ஒழுங்கையில் ஒரு பலசரக்குக் கடையில், "கால் மடிக்கேலாத செல்வராஜ்" என்று கேட்டேன். கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். அந்தப் பெயரில்தான் அவனை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கதவு திறந்திருந்தது. முன்னறையில் கதிரையில் இருந்தான். இடது காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. முகத்தில் நாலைந்து நாள் தாடி. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சவர அண்ணே!" என்று கத்தினான். எழும்ப முயன்றான், நான் தோளைப் பிடித்து இருத்தினேன். பின்னால் சமையலறையில் பாக்கியம் மா குழைக்கிற சத்தம் கேட்டது.

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னான். மகள் கட்டிக்கொண்டு தெமட்டகொடையில் இருக்கிறாள், மகன் கட்டாரில். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, இனியும் கேட்டுக்கொண்டிருந்தால் எழும்பிப் போய்விடுவேன் என்ற பயத்தில் சொல்லத் தொடங்கினேன்.

"தம்பி, நான் ஒரு விசயம் சொல்ல வந்தனான். அண்டைக்கு உங்கட முழங்காலில கீறினேன், ஞாபகம் இருக்கோ?"

"அதா?" என்று சிரித்தான். "அந்த அம்மா ஸ்பிரிட்டப் போட்டுத் தேய்ச்சாங்க பாருங்க, உசிர் போய் வந்திச்சு. நான் வாயே தொறக்கலியே."

"திறந்திருக்க வேணும். நான் திறந்திருக்க வேணும்." வகுப்பில் கேட்டதைச் சொன்னேன். எதற்காக ஒப்பரேஷனைத் தள்ளிப் போடுவார்கள் என்று சொன்னேன். அன்றே எனக்கு அது தெரியும் என்றும் சொன்னேன். "அதாலதான் எண்டு நிச்சயமாய்ச் சொல்லேலாது. ஆனால் அப்பிடித்தான் இருக்க வேணும் எண்டு நான் நம்புறன். நீங்கள் எனக்காகப் பொறுத்தனீங்கள். நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை."

அவன் சிரிப்பு மெல்ல நின்றது. தன் காலைப் பார்த்தான், புதிதாக யாரோ அங்கே கொண்டுவந்து வைத்த மாதிரி.

"அப்ப குடிச்சதுனால இல்லியா?" என்றான்.

"சனிக்கிழமைக் குடியால இப்பிடி வராது தம்பி."

மா குழைக்கிற சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பாக்கியம் வாசலில் நின்றாள். இரண்டு கையிலும் மா அப்பியிருந்தது.

"என்ன சொல்றீங்க?" என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

திரும்பவும் முழுக்கச் சொன்னேன். இந்த முறை எழுந்து நின்று சொன்னேன்.

"சொல்லியிருந்தா எத்தன நாள் பிந்தியிருக்கும்?"

"ரெண்டு மூண்டு நாள். கூடிப்போனால் ஒரு கிழமை."

"ஒரு கிழமை" என்றாள்.

"விடு பாக்கியம்" என்றான் செல்வராஜ். "அண்ணே அன்னிக்குப் பயந்துட்டாரு. நானுந்தானே சொல்லாதீங்கன்னு சொன்னேன். வயசான மனுசன், இவ்வளவு தூரம் தேடி வந்திருக்காரு. நான் மன்னிச்சிட்டேன்."

"நீங்க மன்னிப்பீங்க. நீங்க எப்பவும் அப்பிடித்தான்." அவள் என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "டொக்டர் அன்னிக்குச் சொன்னப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. வாளியோட. எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க அப்பவாவது சொல்லியிருந்தா, கால் போனது போயிருக்கும், எனக்கு உண்மை தெரிஞ்சிருக்கும். நான் இந்த மனுசன முப்பது வருசமாத் திட்டியிருக்கேன். குடிச்சுக் கால அழிச்சே, குடும்பத்த அழிச்சேன்னு. புள்ளைங்க முன்னாடி திட்டியிருக்கேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டுக்கூட இவரு தொட்டதில்ல. அப்பவும் திட்டியிருக்கேன். ஒரு வார்த்த திருப்பிப் பேசினதில்ல. தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு."

வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க வந்து இவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டீங்க" என்றாள். "நான் எப்படிக் கேக்குறது?"

அவள் கணவனுடைய காலடியில் தரையில் அமர்ந்தாள். மாப் படிந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அந்த மடியாத முழங்காலின்மேல் வைத்தாள். அவன் கூச்சப்பட்டுக் காலை இழுக்கப் பார்த்தான். அந்தக் கால் அப்படி இழுபடுகிற கால் அல்ல. "என்ன புள்ள, வெளியாள் இருக்கும்போது" என்றான். அவள் கையை எடுக்கவில்லை.

நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.